மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல

சீசாவில் அப்படித்தான் எழுதியிருந்தது.
ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல.
கிராசியானா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு
இரண்டு முறை படித்தாள்.
"இருபத்தேழு வருஷமாகக் குதிரையின் பின்னங்காலைத்
தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
என்னை மனுஷக் கணக்கில் யார் சேர்த்தது?"
என்று சொல்லி ஃப்ரிட்ஜில் வைத்தாள்,
கடுகு விழுதுக்கும்
கோழிகளின் தடுப்பு மருந்துக்கும் நடுவில்.

எல்கோவில் அது பிப்ரவரி.
சேஜ் புதர்கள் மேல் பனி உப்பாகக் காய்ந்திருந்தது.
லாடம் அடிக்கையில் ஒரு கோவேறு கழுதை
காலை உதறியதில்
அவள் வலது தோளுக்குள் ஏதோ நார் பிரிந்துவிட்டது.
அறுவை என்றார் மருத்துவர். ஆறு மாதம் என்றார்.
தொகையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

எங்களுக்கு விவாகரத்தாகி நான்கு வருஷம்.
தங்கச் சுரங்கத்தில் லாரியை ஓரங்கட்டி
நான் சாண்ட்விச்சைப் பிரித்த நேரம், போன்.
"வெண்டல், ஊசி போடணும். கை வரலை.
நீ உன் அப்பாவுக்கு இன்சுலின் போட்டவன்தானே."
நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

தண்ணீரைக் கண்ணாடிச் சுவரோரமாக இறக்க வேண்டும்.
குலுக்கக் கூடாது.
உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும்,
குளிரில் விறைத்த ஒருவரின் விரலைத் தேய்ப்பதுபோல.
பொடி சத்தமில்லாமல் கரையும்.
பதினைந்து அமினோ அமிலம் கோத்த சங்கிலியாம்.
"ஒரு லாடத்துக்கே ஆறு ஆணிதான்," என்றாள்.
"பதினைந்து அடித்தும் நிற்கவில்லை என்றால்
கோளாறு குளம்பில்."

இரவில் படித்துப் பார்த்தேன்.
எலிகளுக்குத் தசைநார் கூடியிருக்கிறது.
மனிதர்கள் என்ற பகுதிக்கு வந்ததும்
பக்கம் மெலிந்துபோனது.
சொல்லிவிடலாம் என்றுதான் மறுநாள் போனேன்.
"தெரியும்," என்றாள், நான் வாய் திறக்குமுன்.
"எலிக்குக் கிடைத்ததில் பாதி போதும் எனக்கு."

கொப்பூழிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி
தோலைக் கிள்ளித் தூக்கினேன்.
எனக்கு வழி தெரிந்த ஊர்.
பெயர்ப் பலகைகள் மட்டும் மாறியிருந்தன.
முதல் நாள் இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம்.
நாலாம் நாள் பீன்ஸ் சூப் இருந்தது.
எட்டாம் நாள், விற்றுவிட்ட படகைப் பற்றிப் பேசினோம்,
யார் தவறு என்பதை விட்டுவிட்டு.

பதினோராம் நாள் கெட்டிலை வலது கையால் தூக்கினாள்.
பாதி நீர்தான். ஆனாலும் தூக்கினாள்.
மருந்தா?
அல்லது, பதினெட்டு வயதுக்குப் பிறகு
அவள் சுத்தியல் தொடாத முதல் பிப்ரவரி என்பதாலா?
சங்கிலியைக் கேட்க முடியாது.
தோளைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் ஆம் என்கிறது.

பத்தொன்பதாம் நாள் பனிப்புயல்.
ஷிஃப்டை ரத்து செய்தார்கள். சீக்கிரமே போய்விட்டேன்.
சமையலறை ஜன்னல் வழியே தெரிந்தது:
நாயின் பாதத்தை முழங்காலில் கிடத்தி
இடது கையில் தையல் ஊசி பிடித்து
முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.
நாய் முனகக்கூட இல்லை.
அத்தனை நிதானம் அந்தக் கைக்கு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
நாங்கள் குத்திக்கொண்டிருந்தது தோளில் அல்ல,
வயிற்றில்.
எந்தக் கைக்கும் எட்டும் வயிற்றில்.

பிக்கப்புக்குத் திரும்பி
ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்தேன்.
கண்ணாடியில் பனி விழுந்து மூடியது,
வைப்பர் தள்ளியது, மறுபடி மூடியது.
வழக்கமான நேரம் வந்ததும் போய்க் கதவைத் தட்டினேன்.

"கை இன்னும் வரலை," என்றாள்,
சட்டையை உயர்த்திப் பிடித்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.
"ம்," என்றேன்.
சீசாவை உருட்டினேன், தேவைக்கு மேலேயே.

நான்கு நாளுக்கு மருந்து மீதி இருந்தது.
அன்று கொஞ்சம் குறைத்தே உறிஞ்சினேன்.